பாட்டியின் நடைக்கு ஏற்ற ஜார்ஜ் டவுன்: ஒரு வார இறுதிப் பயணத் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

செந்தூலைச் சேர்ந்த ஒரு குடும்பம். பாட்டிக்கு 78 வயது. கூடவே மகள், மருமகன், பதினைந்து வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேத்தி. வெள்ளிக்கிழமை காலை கோலாலம்பூரில் கிளம்பி, ஞாயிறு இரவு வீட்டில் இருக்க வேண்டும். போக நினைத்த ஊர் பினாங்கு. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் சிறிய பயண அலுவலகத்துக்கு மருமகன் வந்தபோது கையில் ஒரு பட்டியல் இருந்தது: கொடிமலை, கெக் லோக் சி புத்தர் கோயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை, கார்ன்வாலிஸ் கோட்டை, கூ கொங்சி என்ற சீனக் குல மண்டபம், சுவரோவியங்கள், கடல்மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டி, தண்ணீர்மலை முருகன் கோயில், சாப்பிட நாசி கண்டார், செண்டோல். காடியிலேயே (காரிலேயே) போய்விடலாம், ஹோட்டல்கூடப் பார்த்தாகிவிட்டது, எதை எப்போது பார்ப்பது என்று வரிசை மட்டும் போட்டுத் தாருங்கள் என்றார்.

வார இறுதிப் பயணங்களுக்கு எங்களிடம் வருகிற பெரும்பாலான பட்டியல்கள் இப்படித்தான் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்த இடம்தான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். பத்து ஃபெரிங்கி தீவின் வடகரையில், கெக் லோக் சியும் கொடிமலையும் உள்ளே ஆயர் ஈத்தாம் பக்கம், கோட்டையும் கொங்சியும் கிழக்கு முனையில் பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்குள். சனி, ஞாயிறு நெரிசலில் இந்த மூன்று மூலைக்கும் ஓடினால் பினாங்கைக் காடிக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டி எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று கேட்டேன். "அவங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வருவாங்க" என்றார் மருமகன். எனக்கு அது போதவில்லை. அன்று மாலை மகளின் கைப்பேசியில் பாட்டியிடமே பேசினேன்.

"தம்பி, நான் ஆறு வயசுல ரஜுலா கப்பல்ல வந்தவ. நாகப்பட்டினத்துல ஏறி பினாங்குல எறங்குனோம். அந்த எடத்த ஒரு தடவ பாத்தாப் போதும். மத்ததெல்லாம் புள்ளைங்க இஷ்டம்."

பட்டியலில் இல்லாத ஒன்று. ஆனால் திட்டம் முழுவதையும் இதன்மேல்தான் கட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா, 1970-களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று ஓடியது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. பாட்டியின் அப்பாவுக்குக் கெடாவில் தோட்ட வேலை, அதனால் அவர்கள் பினாங்கிலேயே இறங்கிவிட்டார்கள். கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாறி இறங்கியதாகப் பாட்டிக்கு ஞாபகம். எந்தத் துறையில் கால் வைத்தார்கள் என்பது நினைவில்லை.

இங்கேதான் முதல் மாற்றம். காடியில் போனால் பாலம் வழியாகத் தீவுக்குள் நுழைய வேண்டும். 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அழகான பாலம்தான். ஆனால் அது பழைய நகரத்துக்குத் தெற்கே தள்ளிக் கொண்டுபோய் இறக்கும். கடலிலிருந்து ஜார்ஜ் டவுனின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில்தான் போக வேண்டும். கப்பலில் வந்தவர்கள் கண்ட காட்சிக்கு இன்று மிச்சமிருக்கிற மிக நெருங்கிய வழி அதுதான்: முன்னால் கரையோரக் கட்டடங்கள், பின்னால் மலை. இப்போது ஓடும் புதிய ஃபெரிகள் 2023-இல் வந்தவை. ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றும், காடிக்கு இடமில்லை. ஆகவே காடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் பிடித்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே பட்டர்வொர்த், அங்கிருந்து நடந்து ஃபெரி.

மருமகன் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி, பாட்டி, சின்னப் பிள்ளை என்று மூன்றையும் வைத்துக்கொண்டு ரயிலா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன கணக்கு இது: வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அன்று மாலை எதையும் பார்க்கத் தெம்பிருக்காது. பழைய நகரத்தின் ஒருவழிச் சந்துகளில் காடி நிறுத்த இடம் தேடுவது தனி வேலை. அதோடு நகரத்துக்குள் காடி தேவையே இல்லை. இலவச கேட் பஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கூப்பிட்டால் கிராப் வாடகைக் காடி வருகிறது. பாட்டி ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். இந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டதும் மகள் முடிவு சொல்லிவிட்டார். பாட்டியை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நின்று நின்று போன அனுபவம் அவருக்குத்தானே உண்டு.

அடுத்தது ஹோட்டல். அவர்கள் பார்த்து வைத்திருந்தது நூறு வருடக் கடைவீட்டை மாற்றியமைத்த தங்குமிடம். படங்களில் அவ்வளவு அழகு. பழைய கடைவீடு என்றால் அகலம் குறைவு, நீளம் அதிகம். மாடிக்கு மரப்படி, செங்குத்தாக ஏறும். பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, வைக்கவும் இடமில்லை. நடு அறைகள் வான்முற்றத்தைப் பார்த்திருக்கும், சிலவற்றுக்குச் சன்னலே இருக்காது. போன் செய்து மூன்று விஷயங்கள் கேட்கச் சொன்னேன்: லிஃப்ட் உண்டா, கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா, குளியலறை வாசலில் படி இருக்கிறதா. மூன்றுக்கும் வந்த பதில் பாட்டிக்கு ஒத்துவரவில்லை. அதை விட்டுவிட்டு, லிட்டல் இந்தியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், பாரம்பரிய அழகு ஏதுமில்லாத, லிஃப்ட் உள்ள ஒரு சாதாரண ஹோட்டலை எடுத்தோம். பேரனுக்கு முகம் வாடியது. ஆனால் வயதானவர்களோடு போகும்போது இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி நகரத்துக்குள். மேலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 2008 ஜூலை 7 அன்று. மையப் பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியும் சேர்ந்தால் சுமார் 260 ஹெக்டேர். வரைபடத்தில் பார்த்தால் சின்ன ஊர், எல்லாம் நடக்கும் தூரம்தான். அந்த நடக்கும் தூரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி, வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்ட நடைபாதை. கேட்க நன்றாக இருக்கும். நடந்து பார்த்தால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரம். ஒரு வாசலில் ஒரு சாண் ஏற்றம், அடுத்த வாசலில் அரைச் சாண் இறக்கம். அதற்கு நடுவே பழைய சிமென்ட்டுத் தளம், எண்ணெய் மினுக்கும் ஓடு, நிறுத்திய மோட்டார் சைக்கிள், துணிக்கடைக்காரர் வெளியே தள்ளிய சட்டை ஸ்டாண்டு, சாம்பிராணி புகையும் ஒரு சின்ன மாடம். இளைஞர்கள் இதையெல்லாம் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். கைத்தடி ஊன்றுகிற ஒருவருக்கு இது ஏறி இறங்கும் படிக்கட்டு. அதற்குப் பயந்து தெருவில் இறங்கினால் வெயில், வண்டிகள், திறந்த வாய்க்கால். ஆகவே எத்தனை கிலோமீட்டர் என்பதை நான் பார்க்கவில்லை. இருநூறு, முன்னூறு மீட்டருக்கு ஒரு முறை பாட்டி உட்கார இடம் உண்டா என்பதை வைத்துத்தான் பாதை போட்டேன்.

அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு தெரு பொருந்தியது: இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று பெயர் மாறிய பழைய பிட் ஸ்ட்ரீட். 1786 ஜூலையில் ஃப்ரான்சிஸ் லைட் வந்து இறங்கிய பிறகு வெட்டிய முதல் தெருக்களில் ஒன்று. ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கைதிகளின் உழைப்பில் எழுந்தது. புல்வெளியும் மர நிழலும் உண்டு, உட்காரலாம். கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில், எதிரே திறந்த முற்றம். அடுத்தது மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த இதுதான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். வாசல் குயின் ஸ்ட்ரீட் பக்கம், முதுகு பிட் ஸ்ட்ரீட் பக்கம். உள்ளே தரையில் உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல ஆளில்லை. அதற்கப்புறம் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகரின் தலைமையில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், விரிந்த வளாகம். முடிவில் ஆர்மேனியன் தெருவைத் தாண்டி கூ கொங்சியின் கல் முற்றம். மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம்தான். ஒரே தெருவில் தேவாலயம், சீனக் கோயில், அம்மன் கோயில், பள்ளிவாசல். தமிழர்களுக்கு இந்த நகரத்தில் எவ்வளவு பழைய பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. கோட்டையை எடுத்துவிட்டு இதை வைத்தேன்.

நேரம்தான் அடுத்த பூட்டு. அம்மன் கோயில் நடை பகலில் சாத்தி, மாலையில் மறுபடி திறக்கும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், வெள்ளி மதியம் அந்தப் பக்கமே போகக்கூடாது. கூ கொங்சி காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் நாள் தானாகவே மூன்றாகப் பிரிந்துவிடும்: காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்தரையிலிருந்து இரவு எட்டரை, நடுவே இருப்பது தூக்கத்துக்கு. அந்த நடுப்பகுதியில் எதையாவது திணிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கை பரபரக்கும். திணிக்காதீர்கள்.

இப்படி வந்து நின்றது திட்டம். வெள்ளி: ரயில், ஃபெரி, வாழையிலைச் சாப்பாடு, தூக்கம், மாலையில் அம்மன் கோயிலும் லிட்டல் இந்தியாவும். சனி: காலையில் பிட் ஸ்ட்ரீட் நடை, மாலையில் சியூ ஜெட்டி. ஞாயிறு: இரண்டாகப் பிரிந்து, கொடிமலை ஒரு பக்கம், தண்ணீர்மலைச் சாலை ஒரு பக்கம், பிறகு ஃபெரி. பத்து ஃபெரிங்கியும் கெக் லோக் சியும் வெளியே. நாசி கண்டாரை வெள்ளியிலிருந்து சனிக்குத் தள்ளினேன், வெள்ளிக்கிழமை பாட்டி சைவம்.

அப்புறம் என்ன நடந்தது என்பதை மகள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

ஃபெரி எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. பாட்டியைச் சன்னலோரம் உட்கார வைத்திருக்கிறார்கள். பாதி வழியில் அவர் எழுந்து நின்றுவிட்டாராம். கட்டடங்கள் எதுவும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வானுயர்ந்த கொம்தார் கோபுரம் அன்று கிடையாது. ஆனால் பின்னால் நின்ற மலையைக் காட்டி, "இதேதான், இதே மலதான்" என்றிருக்கிறார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது, படகு ஆடியது, யாரோ ஒரு பொட்டலம் அவல் கொடுத்தது என்று மகளுக்கே தெரியாத பலதும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்திருக்கின்றன. பேத்தி அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். இறங்கியதும் கிராப் எடுத்து, ஹோட்டலுக்குப் போகும் வழியில் ஸ்வெட்டன்ஹாம் துறையின் வாசலில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். இப்போது அங்கே உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. பாட்டி வண்டியிலிருந்தே பார்த்துவிட்டு, போதும் என்றாராம். ஃபெரியிலேயே அவருக்கு மனம் நிறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்று மாலை கோயிலுக்கு நான் ஒதுக்கியது அரை மணி. பாட்டி அர்ச்சனை முடிந்தும் எழவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பினாங்கு அம்மாவோடு பேச்சு நீண்டுவிட்டது. மருமகன் கடிகாரம் பார்த்திருக்கிறார். மகள், "விடுங்க, வேற எங்க போகப்போறோம்" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் முறுக்கு வாங்கப் போய்விட்டார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. மாலையில் ஒரே ஒரு இடம்தான் இருந்ததால் யாரும் யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. பழைய பட்டியலின்படி போயிருந்தால் அந்த நேரத்தில் பாட்டியைக் கைபிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

சனிக்கிழமை நடை தேவாலயத்திலிருந்து தொடங்கியது. காலையில் கிழக்குப் பக்க நடையில் நிழல் இருக்கும், அதிலேயே போகச் சொல்லியிருந்தேன். பள்ளிவாசலில் மேலங்கி கொடுத்துச் சுற்றிப் பார்க்க விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பாட்டி திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: கிட்டங்கித் தெருவைப் பார்க்க வேண்டும். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பினாங்கு ஸ்ட்ரீட்டைத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். பாட்டியின் அப்பா அங்கிருந்துதான் ஊருக்குப் பணம் அனுப்புவாராம். இரண்டு தெரு தாண்டினால் போதும், போனார்கள். போகும் வழியில் சூலியா ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்காவையும் பார்த்துவிட்டார்கள். அதில் முக்கால் மணி போய்விட்டது. கூ கொங்சிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. 1901-இல் தீயில் போன முந்தைய மண்டபத்துக்குப் பதிலாக 1906-இல் முடித்த கட்டடம் அது. கூரை விளிம்பு முழுக்கப் பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த உருவங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதாம். பாட்டி மட்டும் களைத்துவிட்டார். அவருக்குத் திரும்புவதற்குப் பேச்சா என்ற மூன்று சக்கர மிதிவண்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பினாங்குப் பேச்சாவில் பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். பாட்டியும் பேத்தியும் அதில் ஹோட்டலுக்குப் போனார்கள்.

பேரனுக்கு மாலை நான்கு மணிக்குமேல் சைக்கிள் எடுத்துச் சுற்ற நேரம் விட்டிருந்தேன். 2012-இல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள், தெரு முனைகளில் எஃகுக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் என்று அவனும் அப்பாவும் ஒரு மணி நேரம் போய் வந்தார்கள். ஆர்மேனியன் தெருச் சைக்கிள் ஓவியத்தின் முன்னால் படம் எடுக்க வரிசை நின்றதால் அதை விட்டுவிட்டார்களாம். நல்ல பையன்.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. சியூ ஜெட்டி திறந்த பலகைப் பாதை, ஈரத்தில் வழுக்கும், பாட்டியைக் கூட்டிப் போகவே கூடாது. திட்டத்தில் மழைக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன்: ஜெட்டியை ஞாயிறு மதியத்துக்கு மாற்று, இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவா. ஜெட்டியும் ஃபெரித் துறையும் ஒரே கரைச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இந்த மாற்றத்தில் எதுவும் கெடவில்லை. நாசி கண்டார் கடையில் வரிசை நீளம். ஒருவர் நின்று தாப்பாவ் (பார்சல்) வாங்கி வந்து ஹோட்டலில் சாப்பிட்டார்கள்.

ஞாயிறன்று இரண்டாகப் பிரிந்தது பற்றித்தான் குடும்பத்துக்குள் முதலில் மனக்கசப்பு. சேர்ந்து போகத்தானே பயணம் என்றார் மகள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும், பாட்டியால் முடியாது. கொடிமலைக்கு ரயில் உண்டு, ஆனால் ஞாயிறு வெயிலேறியபின் வரிசையில் நிற்பது பாட்டிக்கு அதைவிடக் கஷ்டம். 1923-இலிருந்து ஓடும் அந்த மலைரயிலில் முன்பு பாதி வழியில் வண்டி மாற வேண்டும், 2011-இல் புதுப்பித்தபின் ஒரே ஏற்றம். அப்பாவும் பிள்ளைகளும் அதிகாலையிலேயே மைகாட்டோடு (மலேசிய அடையாள அட்டையோடு) போய் உள்நாட்டுக் கட்டணத்தில் ஏறி, வரிசை நீளும் முன் இறங்கிவிட்டார்கள். அதே நேரம் பாட்டியும் மகளும் தண்ணீர்மலைச் சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் இருந்தார்கள். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வந்து சேரும் இடம், படி இல்லை, காற்றோட்டமான மண்டபம். மலைக்கோயிலை அங்கிருந்தே கும்பிட்டார்கள். மகள் பிறகு சொன்னது: அம்மாவோடு தனியாக இருந்த அந்தக் காலைதான் தனக்குப் பயணத்திலேயே பிடித்தது.

நான் எதிர்பார்த்தபடி நடக்காதது ஒன்று உண்டு. ஞாயிறு மதியம் சியூ ஜெட்டியில் நிழலே இல்லை. பாட்டி ஃபெரித் துறையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கால்மணியில் திரும்பிவிட்டார்கள். கடலுக்குள் கம்பங்கள்மேல் நிற்கும் அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. நின்று பேசி, கேட்டுப் படம் எடுக்க அமைதியான நேரம் வேண்டும். இனி யாருக்காவது இதே திட்டத்தைப் போட்டால் ஜெட்டியைச் சனி காலை ஏழு மணிக்கு, நடை தொடங்கும் முன்பே வைப்பேன்.

பாட்டி இல்லாத குடும்பத்துக்கு இது அப்படியே பொருந்தாது. இளைஞர்கள் என்றால் கோட்டையைச் சேர்த்து, கெக் லோக் சிக்கு ஒரு காலையை ஒதுக்கலாம். மாதமும் முக்கியம்: செப்டம்பர் முதல் நவம்பர்வரை பினாங்கில் மழை அதிகம், மாலை நேரத்தை நம்ப முடியாது. தைப்பூச வாரம் என்றால் தண்ணீர்மலைச் சாலைப் பக்கம் வண்டி நுழையாது, ஹோட்டலும் ரயில் டிக்கெட்டும் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். ஞாயிறு மாலை இடிஎஸ் எப்போதுமே நிரம்பி ஓடும் வண்டி. போகும் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டை வாங்குங்கள், ஃபெரிக்கும் ரயிலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.